புலியைப் படம் பிடித்த வேட்டைக்காரர்

மீன்சுருட்டியின் பெயரில் மீன் இருக்கிறது. பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழன் ஆண்ட காலத்தில், கொடியில் புலி பறந்தது. ஆனால் உயிருள்ள காட்டுப் புலியை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. சுற்றிலும் வயல்; அதை விட்டால் முந்திரித் தோப்பு. புலி பார்க்க ஆசைப்படும் குடும்பம் முதுமலைக்குப் போக வேண்டும். தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கி, வனத்துறை வண்டியில் ஏறி, கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் புதருக்குள் மஞ்சளும் கறுப்புமாக வரிகள் தெரியும். இல்லாவிட்டால் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

புலி தெரிந்துவிட்டால் என்ன நடக்கும்? வண்டியில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து நிற்பார்கள். குழந்தை கத்தும். ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒரு நொடியில் புலி மறைந்துவிடும்.

புலியைச் சுட்டுத் தோலை உரித்து வருவதுதான் வீரம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். ராஜாக்கள் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களும் அப்படித்தான் செய்தார்கள். சுட வேண்டாம், படம் பிடித்து வந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. புலி வேட்டையில் அவருக்கு நிகரானவர் இல்லை என்று பெயர் எடுத்தவர். அவர்தான் ஜிம் கார்பெட்.

தபால் மாஸ்டர் மகன்

இமயமலைச் சாரலில் நைனிடால் என்று ஓர் ஊர். அழகான ஏரி உள்ள ஊர். அங்கே தபால் ஆபீசுக்குத் தலைவராக இருந்தவர் கிறிஸ்டபர் கார்பெட். அவருக்குப் பிள்ளைகள் அதிகம். 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பிறந்த பிள்ளைதான் ஜிம். ஆறு வயது ஆவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மேரி ஜேன் குடும்பத்தைத் தாங்கினார்.

வெயில் காலத்தில் நைனிடால். குளிர் காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதூங்கி. இரண்டு இடத்திலும் அவர்களுக்கு வீடு உண்டு. காலாதூங்கி வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் காடு. அந்தக் காடுதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம். குவர்சிங் என்ற கிராமத்துக்காரர் அவனுக்கு வாத்தியார். குவர்சிங் அனுமதி இல்லாமல் திருட்டு வேட்டை ஆடுகிறவர். ஆனால் காட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எந்தப் பறவை கத்தினால் புலி வருகிறது, எந்தக் குரங்கு கத்தினால் சிறுத்தை வருகிறது, ஒரு காலடித் தடம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது என்பதெல்லாம் ஜிம்முக்கு அத்துப்படி ஆனது. பறவைகளைப் போலவும் மிருகங்களைப் போலவும் குரல் கொடுக்கவும் பழகினான்.

சிறு வயதிலேயே அவனுக்கு ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தது. இரட்டைக் குழல். அதில் ஒரு குழல் பிளந்து போயிருந்தது. மற்றதை வைத்துக்கொண்டே தனியாகக் காட்டில் சுற்றினான்.

ரெயில்வே வேலை

குடும்பத்தில் பணம் இல்லை. காலேஜில் படிக்க வழி இல்லை. பதினெட்டு வயது ஆகும்போதே ரெயில்வேயில் வேலைக்குப் போனார். விறகு கண்காணிக்கும் வேலை. மாதச் சம்பளம் 100 ரூபாய்.

பிறகு கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் ஒரு காண்டிராக்ட் எடுத்தார். ரெயிலில் வரும் சரக்கை இறக்கி, ஆற்றைக் கடக்க வைத்து, மறுபக்கத்து ரெயிலில் ஏற்ற வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். கூலியாட்களோடு சேர்ந்து தாமும் மூட்டை தூக்கினார்.

கூலியாட்களின் பையன்களுக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ராம்சரண் என்பவரும் கார்பெட்டும் சேர்ந்து நடத்தியது. ஒரே வீட்டுக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்று தகராறு எழுந்தது. ராம்சரண் ஒரு யுக்தி செய்தார். சுவர்களை எடுத்துவிட்டார். கூரை மட்டும் இருந்தது. சுவர் இல்லாத கொட்டகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையாம்! பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். புலிக் கதைகளைவிட இந்தக் கதை குறைந்தது அல்ல.

436 பேரைக் கொன்ற புலி

1907-ம் ஆண்டு. கார்பெட் விடுமுறையில் நைனிடாலுக்கு வந்திருந்தார். சம்பாவத் என்ற மலைப் பகுதியில் ஒரு பெண் புலி மனிதர்களைத் தின்றுகொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றது. அங்கே ஆயுதம் தாங்கிய ஆட்கள் அதைத் துரத்தினார்கள். இந்தியாவுக்குள் வந்து இன்னும் 234 பேரைக் கொன்றது. அதன் பிறகும் ஆள் விழுந்தது. மொத்தம் 436 உயிர்கள். வீட்டுக் கதவைத் திறக்கவே மக்கள் பயந்தார்கள். வயலில் அறுவடை நின்றுவிட்டது.

அந்தப் புலியைச் சுட வேண்டும் என்று சர்க்கார் கேட்டுக்கொண்டது. கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். புலிக்குச் சர்க்கார் அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது ஒன்று. பணத்துக்காகப் புலி சுடுகிறவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். காட்டில் உள்ள மற்ற வேட்டைக்காரர்களை எல்லாம் திருப்பி அழைக்க வேண்டும் என்பது மற்றது. பத்துப் பேர் துப்பாக்கியோடு ஒரே காட்டில் அலைந்தால் புலியும் அகப்படாது. ஒருவர் குண்டு இன்னொருவர் மேல் பாய்ந்துவிடும். காட்டில் கூட்டம் கூடாது என்பதை அப்போதே அவர் அறிந்திருந்தார். இரண்டு நிபந்தனைக்கும் சர்க்கார் சம்மதித்தது.

ஆனால் கடைசியில் கூட்டம்தான் அவருக்கு உதவியது. அந்த ஊர்த் தாசில்தார் 298 பேரைத் திரட்டினார். கோடரி, தடி, துருப்பிடித்த துப்பாக்கி, மத்தளம் என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அவர்கள் மலைமேல் நின்றார்கள். சத்தம் போட்டார்கள். பாறைகளை உருட்டினார்கள். பள்ளத்தாக்கில் பதுங்கியிருந்த புலி கீழே ஓடி வந்தது. கார்பெட் சுட்டார். அவரிடம் இருந்த தோட்டாக்கள் தீர்ந்தன. காயம் பட்ட புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது. தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டு, அதைச் சாய்த்தார்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ ஒரு வேட்டைக்காரன் சுட்ட குண்டு செய்த வேலை. பல் போனதால் மானையும் பன்றியையும் கடித்துக் கொல்ல முடியவில்லை. அதனால் எளிதில் அகப்படும் மனிதனிடம் வந்தது. புலி தானாக மனிதனைத் தேடி வருவதில்லை. காயமோ கிழத்தனமோதான் அதை அந்த வழிக்குத் தள்ளுகிறது. இதைக் கார்பெட் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பின்னர் ருத்ரப்பிரயாகையில் ஒரு சிறுத்தை வந்தது. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போகிறவர்கள் நடக்கும் பாதை அது. எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. இருட்டினால் யாத்திரிகர்கள் சத்திரத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். 1926 மே மாதத்தில், ஒரு மாமரத்தில் தொடர்ந்து பல இரவு காத்திருந்து கார்பெட் அதைச் சுட்டார். கடைசியாக அவர் சுட்ட ஆட்கொல்லி, 1938-ல் தாக் கிராமத்துப் பெண் புலி. அப்போது அவருக்கு வயது 63.

காமிரா வந்தது

அந்தக் காலத்தில் பிரடெரிக் சாம்பியன் என்று ஒரு வன அதிகாரி இருந்தார். கார்பெட்டின் நண்பர். அவருக்குத் துப்பாக்கி பிடிக்காது. இரவில் புலி நடக்கும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டுவார். பக்கத்தில் காமிராவையும் மருந்து விளக்கையும் மறைத்து வைப்பார். புலியின் கால் கம்பியில் பட்டதும் பளிச்சென்று வெளிச்சம் வரும். படம் விழுந்துவிடும். புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும்! 1925-ல் அந்தப் படங்கள் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தபோது உலகமே வியந்தது. காட்டில் சுதந்திரமாக நடக்கும் புலியை யாரும் அதுவரை அப்படிப் பார்த்தது இல்லை.

மனிதனின் கைரேகை போல, புலிக்குப் புலி வரிகள் மாறும் என்பதையும் சாம்பியன் தம் படங்களில் கண்டார். இன்று நம் காடுகளில் புலிக் கணக்கு எடுப்பது இதே வழியில்தான். கம்பிக்குப் பதில் தானாக இயங்கும் காமிரா; அவ்வளவுதான் வித்தியாசம். 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 3,682 புலிகள். தமிழ்நாட்டில் 306.

சாம்பியனின் படங்கள் கார்பெட்டின் மனத்தை இழுத்தன. அவரிடம் 16 மில்லிமீட்டர் சினிமாக் காமிரா ஒன்று வந்து சேர்ந்தது. புலியைச் சினிமாப் படமாகவே எடுப்பது என்று இறங்கினார். துப்பாக்கியைவிட அது கஷ்டமாக இருந்தது. துப்பாக்கிக்கு ஒரு நொடி போதும். சினிமாவுக்குப் புலி பல நிமிஷம் நிற்க வேண்டும். அதுவும் பகலில், நல்ல வெளிச்சத்தில் நிற்க வேண்டும். புலி பகலில் நிழலை விட்டு வராது. போதாக்குறைக்குக் காமிரா ஓடும்போது கிர்ர் என்று சத்தம் போடும். அதைக் கேட்டதும் புலி ஓடிவிடும். ஆண்டுகள் பத்து போயின. மனத்துக்குப் பிடித்த படம் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். காட்டுக்குள் மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு வெளி. அதன் நடுவே ஒரு சிறு ஓடை. அந்த ஓடையில் சிறு சிறு அணைகள் கட்டினார். தண்ணீர் அவற்றைத் தாண்டிச் சலசலவென்று குதித்தது. அந்தச் சத்தத்தில் காமிராவின் சத்தம் அமுங்கிப் போயிற்று. பிறகு, பல மைல் சுற்றளவில் இருந்த புலிகளை அடி அடியாக அந்த இடத்துக்கு இழுத்தார். அதற்கு நாலரை மாதம் பிடித்தது. ஏழு புலிகளில் ஒன்றை இடையில் யாரோ சுட்டுவிட்டார்கள். மீதி ஆறும் வந்தன. அவற்றில் ஒன்று வெளுத்த நிறமுள்ள பெண் புலி.

பத்து அடி தூரத்திலிருந்து அறுபது அடி தூரத்துக்குள் ஆறு புலிகள்! ஒரு புலிகூட அவரைப் பார்க்கவில்லை. ஒரு மனிதன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்பதே அவற்றுக்குத் தெரியாது. வந்தன, தின்றன, படுத்தன, போயின.

துப்பாக்கியில் விழுந்த புலியின் தோல் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும். நாளாக ஆக நிறமும் மங்கிவிடும். படம் என்றால் எல்லோரும் பார்க்கலாம். புலியும் உயிரோடு இருக்கும். கார்பெட்டின் கணக்கு இதுதான்.

இதற்காக அவரை மகான் ஆக்கிவிட வேண்டியது இல்லை. 1930-ல் பவல்கர் என்ற இடத்தில் ஒரு பெரிய ஆண் புலியைச் சுட்டார். அது யாரையும் கொன்றதில்லை. அதன் அளவும் அழகும் ஊர் முழுவதும் பேச்சாக இருந்தது. அதுவே அதற்கு எமன் ஆயிற்று. வைசிராய்கள் வேட்டைக்கு வந்தபோது ஏற்பாடு செய்து கொடுத்தவரும் கார்பெட்தான். ஒரு கையில் காமிராவும் மறு கையில் துப்பாக்கியுமாகப் பல ஆண்டு நடந்தார் என்பதே உண்மை.

முதல் தேசியப் பூங்கா

காடு அழிந்துகொண்டே போயிற்று. மோட்டார் வந்த பிறகு வேட்டை சுலபமாகிவிட்டது. கார்பெட் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார். காட்டு மிருகங்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். அப்போது ஐக்கிய மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் மால்கம் ஹெய்லி. ராமகங்கை ஆறு ஓடும் பள்ளத்தாக்கை மிருகங்களுக்கென்றே ஒதுக்க முடிவாயிற்று. எல்லை வகுப்பதில் கார்பெட் உதவினார். 1936-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. இந்தியாவிலேயே முதல் தேசியப் பூங்கா அதுதான். கவர்னர் பெயரால் ஹெய்லி பூங்கா என்று முதலில் அழைத்தார்கள்.

1944-ல் அவர் எழுதிய குமாவுன் ஆட்கொல்லிகள் புத்தகம் வெளிவந்தது. உலகம் முழுவதும் விற்றது. முதல் பதிப்பில் வந்த பணத்தை, யுத்தத்தில் கண் இழந்த சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ராணி ஏறிய மரம்

கார்பெட் கலியாணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் மாகியோடு வாழ்ந்தார். 1947 நவம்பரில் இருவரும் இந்தியாவை விட்டு, ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக்குப் போனார்கள். நியேரி என்ற ஊரில் குடியேறினார்கள்.

அங்கே ஒரு விசித்திரமான ஓட்டல் இருந்தது. பெரிய அத்தி மரத்தின் மேல் கட்டிய ஓட்டல். பெயர் டிரீ டாப்ஸ். கீழே தண்ணீர்க் குட்டை. யானையும் காண்டாமிருகமும் தண்ணீர் குடிக்க வரும். மேலே மனிதர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். மிருகம் சுற்றி வரும், மனிதன் கூண்டில் இருப்பான்!

1952 பிப்ரவரி 5-ந் தேதி இங்கிலாந்து இளவரசி எலிசபெத் கணவரோடு அங்கே வந்தார். காட்டு வழியே நடந்து வந்து ஏணியில் ஏறினார். தம் சினிமாக் காமிராவால் யானைக் கூட்டத்தைப் படம் எடுத்தார். துணைக்கு அழைக்கப்பட்டவர் கார்பெட். அப்போது அவருக்கு வயது 76. விருந்தினர்கள் தூங்கிய பிறகு, துப்பாக்கியுடன் ஏணியின் உச்சியில் இரவு முழுவதும் காவல் இருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். இளவரசியாக மரம் ஏறியவர் ராணியாகக் கீழே இறங்கினார்.

1955 ஏப்ரல் 19-ந் தேதி மாரடைப்பால் கார்பெட் காலமானார். நியேரியிலேயே அடக்கம் செய்தார்கள். ராமகங்கைக் காட்டுக்கு அவருடைய பெயரை இந்தியா சூட்டியது. 1973 ஏப்ரல் 1-ந் தேதி, புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் தொடங்கியதும் அந்தக் கார்பெட் பூங்காவில்தான்.

வரிசையில் நிற்கும் வண்டிகள்

இப்போது அந்தப் பூங்காவில் வேறு தொல்லை. வேட்டைக்காரர் போய்விட்டார், உல்லாசப் பயணி வந்துவிட்டார். டில்லியிலிருந்து சில மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம். ஊரைச் சுற்றி ஓட்டல்கள் முளைத்துவிட்டன. 2022 கணக்குப்படி அங்கே 260 புலிகள். இந்தியாவில் வேறு எந்தப் புலிக் காப்பகத்திலும் இவ்வளவு இல்லை. ஆகவே கூட்டமும் அதிகம்.

புலி ஒன்று சாலையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஜீப் நிற்கிறது. அதைப் பார்த்து இரண்டாவது ஜீப் விரைகிறது. பிறகு மூன்று, நான்கு, பத்து. முன்னாலும் ஜீப், பின்னாலும் ஜீப். குட்டியோடு தண்ணீர் குடிக்கப் போகும் தாய்ப் புலிக்கு வழி அடைபடுகிறது. நாலரை மாதம் காத்திருந்து, தாம் இருப்பதே தெரியாமல் படம் எடுத்தவர் பெயரில் உள்ள காட்டிலேயே இப்படி!

வழக்கு டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2012 ஜூலையில், புலிக் காடுகளின் மையப் பகுதிக்குள் உல்லாசப் பயணிகளே போகக் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது. ஜீப் ஓட்டிப் பிழைப்பவர்களும் வழிகாட்டிகளும் கலங்கிப் போனார்கள். அவர்கள் கவலையும் நியாயமானதுதான். காட்டால் கிராமத்துக்குச் சோறு கிடைத்தால்தான் கிராமம் காட்டைக் காக்கும். அக்டோபரில் தடை நீங்கியது. ஆனால் விதிகள் வந்தன. மையக் காட்டில் 20 சதவிகிதத்துக்கு மேல் உல்லாசப் பயணத்துக்குத் திறக்கக் கூடாது. ஒரு காட்டில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைக்க வேண்டும். புலியைக் கண்டால் நெருங்காமல் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும்.

கார்பெட் பூங்காவிலும் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். காட்டைப் பல வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வட்டாரத்துச் சீட்டோடு இன்னொரு வட்டாரத்துக்குள் போக முடியாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வண்டிகளை விடுகிறார்கள். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. நடுக்காட்டில் உள்ள திகாலா வட்டாரம் ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை மூடியிருக்கும். மழைக் காலத்தில் காடு புலிக்கே சொந்தம்.

2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் கண்டிப்புக் காட்டியது. கார்பெட் காட்டில் மரங்களை வெட்டிக் கட்டடம் எழுப்பிய வழக்கு அது. இரவில் காட்டுக்குள் உல்லாசச் சவாரி கூடாது என்றது. மையக் காட்டில் பயணிகள் போகும் இடங்களில் போனைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. புலி நிற்கும் இடம் போன் மூலம் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் பரவுவதுதானே நெரிசலுக்குப் பாதிக் காரணம்! காமிராவுக்கு அந்தத் தடை இல்லை.

காலாதூங்கியில் கார்பெட்டும் மாகியும் இருந்த வீடு இப்போது காட்சிசாலை. பக்கத்தில் சோட்டி ஹல்துவானி கிராமம். அவர் விலைக்கு வாங்கிக் குடியானவர்களை அமர்த்திய ஊர் அது. பன்றியும் மானும் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார். நாட்டை விட்டுப் போகும்போது நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுவிட்டார். கென்யாவில் இருந்துகொண்டு, சாகும்வரை அந்த நிலத்துக்கு அவரே வரி கட்டினார். கல்சுவர் இன்னும் நிற்கிறது. ராம்நகருக்குப் போகும் சாலை அந்த வழியாகத்தான். புலி பார்க்கப் போகும் வண்டிகள் சில அங்கே நின்று, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படுகின்றன.